முப்பத்தேழு குதிரைகள்

திண்டிவனத்தில் நமக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். முப்பது வருஷ காலம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் வாடகைக் கார் ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். தகப்பனார் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. கார் மட்டும் இன்னும் வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் நிற்கிறது. டீசல் அம்பாசிடர்.

கார்த்திகை மாதத்தில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "காயலான் கடைக்காரர் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். கொடுத்துவிடலாம் என்கிறான் பையன். கூடவே கூடாது என்கிறாள் அம்மா. நீங்கள் பத்திரிகையில் ஊருக்கெல்லாம் யோசனை சொல்லுகிறவர் ஆயிற்றே, எனக்கும் ஒன்று சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.

ஊருக்கு யோசனை சொல்வது சுலபம். ஒரு வீட்டுக்குச் சொல்வதுதான் கஷ்டம். ஆகவே பதில் எழுதாமல் நேரே புறப்பட்டுப் போனோம். விழுப்புரத்தில் அந்த வண்டியைப் பல வருஷம் கவனித்து வந்த பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் வாக்கே வேதவாக்கு, அவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்று ஏற்பாடாயிற்று. சிநேகிதரின் தாயாரும் புறப்பட்டுவிட்டார். எண்பதைக் கடந்த அம்மாள் பின் ஆசனத்தில் ஏறி, சன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார். அது அவருடைய வழக்கமான இடமாம்.

மார்கழிக் குளிர். சிநேகிதர் சாவியைத் திருப்பி ஹீட்டரைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். பத்து ராம நாமம் சொல்லுகிற நேரம் கழிந்தது. பிறகு ஸ்டார்ட்டரை முடுக்கினார். இரண்டு தும்மல், ஒரு கரும்புகை மேகம், அப்புறம் 'கட கட கட' என்று தெருவே அறிந்த அந்தச் சத்தம். எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த நாய் தலையைக் கூடத் தூக்கவில்லை.

சாலையில் போகும்போது இந்த யந்திரத்தின் ஜாதகத்தைச் சற்றுப் பார்ப்போம்.

இதன் பூர்வீகம் இங்கிலாந்து. 1947-இல் ஆஸ்டின் கம்பெனி தன் மோட்டார்களுக்காக ஒரு நான்கு சிலிண்டர் பெட்ரோல் யந்திரம் செய்தது. பிற்பாடு ஆஸ்டினும் மாரிஸும் ஒன்று சேர்ந்து பி.எம்.ஸி. என்ற பெரிய ஸ்தாபனம் ஆனபோது, அந்த யந்திரத்துக்கு 'பி' வரிசை என்று பெயர் வந்தது. 1,200 கன சென்டிமீட்டரில் தொடங்கிய குடும்பம் 1,489 ஆகப் பெருகி, கடைசியில் 1,798 வரையில் வளர்ந்தது. நம்முடைய அம்பாசிடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாவது வரிசையின் வார்ப்பு. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1957-58-இல் அது உருவெடுத்தது. அடுத்த வருஷமே 1,489 அளவுள்ள பெட்ரோல் யந்திரம் அதில் ஏறியது. அதற்கு 55 குதிரை சக்தி.

அதே 1,489-க்கு ஒரு டீசல் தம்பியும் உண்டு. சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 89 மில்லிமீட்டர். இரண்டுக்கும் அளவு ஒன்றே. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆஸ்டின், மாரிஸ் கார்களிலும் சிறு வேன்களிலும் இந்த டீசல் தம்பி ஓடினான். அங்கே காரில் அவனுக்குப் பெரிய கீர்த்தி ஏற்படவில்லை. படகில் ஏற்பட்டது. இங்கிலாந்தின் குறுகலான கால்வாய்களில் போகும் நீண்ட படகுகளில் இன்றைக்கும் இதே யந்திரம் 'கட கட'வென்று அடித்துக்கொண்டு போவதைக் காணலாம். தேம்ஸ் நதிக்கு அப்பால் எங்கோ ஒரு படகுக்காரனும் நம் திண்டிவனத்து வாத்தியாரும் ஒரே சத்தத்தைக் கேட்டுக் காலையில் கண் விழிக்கிறார்கள் என்பது வேடிக்கைதான்.

இந்தியாவில் அது அம்பாசிடருக்குள் வந்து சேர்ந்தது 1980-இல். நம் நாட்டின் முதல் டீசல் கார் அதுவே. சக்தி 37 குதிரை. பெட்ரோல் வண்டியைவிடப் பதினெட்டுக் குதிரைகள் குறைவு. ஆனால் தீனிச் செலவு வெகு சொற்பம்.

டீசல் யந்திரத்தின் வேலையை அறியாத நம் வாசகிகளுக்காக இரண்டு வார்த்தை. பெட்ரோல் யந்திரம் காற்றையும் பெட்ரோலையும் கலந்து, ஏழில் எட்டில் ஒரு பங்காக நெருக்கி, மின்பொறியால் கொளுத்துகிறது. டீசலில் பொறியே இல்லை. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகம் கையைச் சுடுகிறதல்லவா? அதே சங்கதிதான். ஆனால் இங்கே சூடு ஐந்நூறு டிகிரியைத் தாண்டுகிறது. அந்தச் சமயம் பார்த்து நாசில் வழியாக டீசலைப் பூந்துளியாகப் பீய்ச்சினால், தானே பற்றிக்கொண்டு வெடிக்கிறது. அந்த அடியைத் தாங்க வேண்டுமானால் இரும்பு கனமாக இருக்க வேண்டும். அதனால்தான் சத்தமும் ஆயுளும் அதிகம். இந்த வகை யந்திரங்களில் டீசல் நேரே சிலிண்டரில் விழுவதில்லை. தலைப்பாகத்தில் உள்ள ஒரு சிறு குடுவை அறையில் முதலில் பற்றிப் பிறகு கீழே பாய்கிறது. குளிர்ந்த காலையில் அந்த அறையைச் சூடாக்கத்தான் பத்து ராம நாம நேரம்.

இந்த யந்திரத்தின் தந்தை ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய யந்திரம் பரீட்சையில் தேறியது. 1900-ஆம் வருஷம் பாரிஸில் நடந்த பெரிய கண்காட்சியில் ஒரு சிறு டீசல் யந்திரம் எதில் ஓடிற்று தெரியுமா? மல்லாட்டை எண்ணெயில்! ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் ஏராளமாக விளையும் வேர்க்கடலையைக் கொண்டே அங்கே யந்திரங்களை ஓட்ட முடியுமா என்று பார்க்கப் பிரெஞ்சு சர்க்கார் விரும்பியதாக டீசலே பின்னால் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் நம் தென்னாற்காட்டுச் சீமையின் மல்லாட்டையும் புதுச்சேரித் துறையிலிருந்து மார்சேய் நகருக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. 'டி.எம்.வி.' என்று தொடங்கும் கடலை ரகங்களை விதைக்கும் குடியானவர்கள் பலருக்கு அந்த மூன்று எழுத்து திண்டிவனத்தைக் குறிப்பது என்பதே தெரியாது. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த பெயர் அது. ஆக, இந்த ஊருக்கும் டீசலுக்கும் கொஞ்சம் பூர்வஜன்ம பந்தம் உண்டு என்று சொன்னால் நேயர்கள் மன்னிப்பார்கள்.

நிற்க. 1980-க்குப் பிறகு திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி டாக்ஸி ஸ்டாண்டுகளில் பெட்ரோல் அம்பாசிடர்கள் ஒவ்வொன்றாக மறைந்து டீசல் வண்டிகள் வந்ததற்குக் காரணம் எளிது. டீசல் விலையைச் சர்க்கார் தாழ்த்தி வைத்திருந்தது. அதிலும் புதுச்சேரியில் வரி குறைவு. விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் புதுச்சேரி. சவாரி அந்தப் பக்கம் கிடைத்தால் தொட்டியை நிரப்பிக்கொண்டு திரும்பாத டிரைவர் உண்டா? அந்த வித்தியாசத்தில்தான் எத்தனையோ வீடுகளில் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டப்பட்டது.

சவாரி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டோம். முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்பு, அமாவாசை இரவில் மேல்மலையனூர், கிருத்திகைக்கு மயிலம், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. ஐந்து பேர் ஏற வேண்டிய வண்டியில் ஒன்பது பேரும் இரண்டு தூக்குச் சட்டிப் புளியோதரையும். இவையெல்லாம் பகற்சவாரி, பக்திச் சவாரி. இன்னொன்று உண்டு. நள்ளிரவில் கதவைத் தட்டுவார்கள். பிரசவ வேதனை, பாம்புக்கடி, மாரடைப்பு. எதுவானாலும் "ஜிப்மருக்கு" என்ற ஒரே வார்த்தை. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் வந்தது 2008-இல். அதற்கு முன்னால் இந்தக் கிராமங்களுக்கு ஆம்புலன்ஸ் என்பது வேப்ப மரத்தடியில் நின்ற இந்த அம்பாசிடர்தான்.

பின் ஆசனத்திலிருந்து அம்மாள் சொன்னார்: "இவருக்குத் தங்கச்சி பொறந்தது இந்த ஆசனத்திலதான். கிளியனூர் தாண்டல. அவங்கப்பா வண்டிய ஓரங்கட்டிட்டு எஞ்சின நிறுத்தாமயே வெச்சிருந்தாரு. நிறுத்தினா மறுபடி கிளம்புமோ கிளம்பாதோன்னு பயம்."

சிநேகிதர் கண்ணாடியில் தாயாரைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

விழுப்புரம் பட்டறைக்கு வருவோம். ஐந்து ரயில் பாதைகள் கூடும் ஜங்ஷன் ஊர் ஆகையால் இரும்பு வேலை தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. நாம் போன பட்டறைக்குப் பெயர்ப் பலகை கூட இல்லை. நிர்வாகி எழுபது வயதுப் பெரியவர். காக்கிக் கால்சட்டை, காதில் பென்ஸில். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, "மூணாவது சிலிண்டர்ல நாசில் ஒழுகுது வாத்தியாரே" என்றார். அவர் வண்டியை இன்னும் பார்க்கக்கூட இல்லை.

இவரைப் போன்றவர்கள் நாற்பது வருஷமாகச் செய்து வந்த காரியம் என்ன என்பதைப் படித்தவர்கள் போதுமான அளவு சிந்திக்கவில்லை என்பது நம்முடைய அபிப்பிராயம். சிலிண்டர் தேய்ந்தால் போர் அடிப்பார்கள். அளவு தாண்டிவிட்டால் ஸ்லீவ் இறக்குவார்கள். கிராங்க்கைக் கடைந்து அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். டீசல் பம்ப்பின் உட்பாகங்கள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியில் பொருந்துபவை. ஒரு தூசி போனால் சங்கடம். அதைத் துணியால் மறைத்த ஒரு மூலையில், ஈ நுழையாமல், பிரித்துச் சேர்ப்பார்கள். 37 குதிரை போதவில்லை என்று வாடிக்கைக்காரர் முறையிட்டால் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். யந்திரத்தையே மாற்றிவிடுவது!

அந்த மாற்றுச் சரித்திரம் சுவையானது. புனேயின் பஜாஜ் டெம்போ கம்பெனி, மெர்ஸிடீஸின் 'ஓ.எம். 616' என்ற நான்கு சிலிண்டர் டீசலை உரிமம் பெற்றுச் செய்தது. ஜெர்மனியில் அது 1973 முதல் '240 டி' காரில் ஓடிய யந்திரம், 2.4 லிட்டர், 65 குதிரை, பிற்பாடு 72. மெர்ஸிடீஸ்காரர்கள் டீசல் காருக்குப் பழம் பெருமை உள்ளவர்கள். 1936-லேயே '260 டி' என்ற நான்கு சிலிண்டர் டீசல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள். கிரேக்க நாட்டில் ஒரு '240 டி' டாக்ஸி 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டு 2004-இல் கம்பெனியின் பொருட்காட்சிச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் அந்த யந்திரம் மாட்டடார் வேனிலும் டிராக்ஸ் வண்டியிலும் புகுந்து, மூட்டையும் மனிதரும் ஆடும் சுமந்தது. விபத்திலோ வயதிலோ மாட்டடார் மடிந்தால் அதன் யந்திரத்தை எடுத்து அம்பாசிடரில் உட்கார வைப்பது பட்டறைக்காரர்களின் வித்தை. தாங்கிகளை வெட்டி ஒட்ட வேண்டும். முன் ஸ்பிரிங்கைப் பலப்படுத்த வேண்டும். ரேடியேட்டரை நகர்த்த வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றவும் வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது என்று பெரியவர் சிரித்தார்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் சும்மா இருந்துவிடவில்லை. ஜப்பானின் இஸுஸு கம்பெனியோடு சேர்ந்து 1.8 லிட்டர் பெட்ரோல் யந்திரத்தையும் 2 லிட்டர் டீசல் யந்திரத்தையும் செய்து, கான்டெஸாவிலும் அம்பாசிடரிலும் வைத்தது. இஸுஸு டீசல் வண்டி நல்ல வண்டி என்பதில் டிரைவர்களுக்குள் அபிப்பிராய பேதமே கிடையாது. ஆயினும் பழைய 1,489 டீசலும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. 1990-இல் 'நோவா' என்று புதுப் பெயர் சூட்டியபோதும் அதே 37 குதிரைதான்.

இங்கேதான் நம் மனத்தில் ஒரு முள் குத்துகிறது. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது கப்பல்களை ஐரோப்பாவிலிருந்துதான் வாங்கினார். யாரும் குறை சொல்லவில்லை. முதலில் வாங்கு, பிறகு ஓட்டக் கற்றுக்கொள், அதற்கப்புறம் கட்டு, இதுதான் முறை. அவருக்கு மூன்றாவது படி ஏற அந்நிய சர்க்கார் அவகாசம் கொடுக்கவில்லை. உத்தரபாராவுக்கோ சுதந்திர சர்க்கார் அவகாசம் கொடுத்தது, பாதுகாப்புக் கொடுத்தது, வெளிநாட்டுக் கார் உள்ளே வராமல் வாசலில் காவலும் நின்றது. காருக்காக ஜனங்கள் வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். அப்படியிருந்தும், இங்கிலாந்தில் 1960-களின் தொடக்கத்தில் வந்த யந்திரம் 1980-இல் நமக்குப் புதுமையாக வந்து, அதற்குப் பிறகும் பல வருஷம் அதே சக்தியோடு நின்றது.

ஒப்பிட்டுப் பார்த்தால் வெட்கம் விளங்கும். இத்தாலியின் ஃபியட் கம்பெனி 2003-இல் 'மல்டிஜெட்' என்ற நான்கு சிலிண்டர் டீசலைக் கொண்டுவந்தது. 1,248 கன சென்டிமீட்டர்தான். சக்தியோ 75 குதிரை. சின்ன யந்திரம், இரட்டை வேலை. மாருதி, டாட்டா, ஃபியட் மூவரும் அதை இந்தியாவில் தங்கள் கார்களில் வைத்ததால் 'தேசிய யந்திரம்' என்று பரிகாசமாகப் பெயர் வந்தது. தேசத்து யந்திரம் இத்தாலியில் பிறந்தது என்ற ஹாஸ்யத்தைப் பலர் கவனிக்கவில்லை. மாருதி அதை 2020 ஏப்ரலில், பாரத் ஆறாவது நியதி வந்தபோது, நிறுத்திவிட்டது. இதற்கிடையில், டாட்டா கம்பெனி வெளிநாட்டு ஆலோசனையும் கேட்டுக்கொண்டு 1998-இல் இண்டிகாவை இறக்கியது. அதன் 1,405 அளவுள்ள டீசல் யந்திரம் குற்றங்குறை நிறைந்ததாக இருந்தது உண்மை. ஆரம்பத்தில் திட்டாதவர் இல்லை. ஆனால் திட்டு வாங்கி, திருத்தி, மறுபடி விற்றார்கள். டாக்ஸி ஸ்டாண்டில் அம்பாசிடரின் இடத்தைப் பறித்தது முதலில் அதுதான்.

பெயர்ப் பலகையில்லாத விழுப்புரம் பட்டறையில் யந்திரத்தை மாற்றலாம், கூட்டலாம், குறைக்கலாம் என்ற துணிவு இருந்தது. அதைச் செய்த தொழிற்சாலையில் அந்தத் துணிவு போதவில்லை. இந்த இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க நாட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பெரியவர் ஒரு வரைபடம் போட்டதில்லை. போடச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

உத்தரபாராவில் 2014 மே 24 அன்று வேலை நின்றது. அதே வருஷம் அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டையும் சர்க்கார் எடுத்துவிட்டது. யந்திரத்தையும் அது உயிர் வாழ்ந்த காரணத்தையும் ஒரே வருஷம் கொண்டுபோயிற்று. அம்பாசிடர் என்ற பெயரைப் பிரான்ஸின் பியூஜோ கம்பெனி 2017-இல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

புகையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நாம் ஒருதலைப்பட்சமாக எழுதினவர்கள் ஆவோம். 2012-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் குழு டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று தீர்ப்பளித்தது. நாற்பது வருஷம் இந்தப் புகையில் நின்ற பட்டறைப் பெரியவர் பேசுவதைவிட இருமுவது அதிகம். வடிகட்டியும் கணினியும் வைத்த புது யந்திரங்களைப் பழையவர்கள் எத்தனை ஏளனம் செய்தாலும், குழந்தைகள் மூச்சு விடும் தெருவில் அந்தக் கருமேகத்துக்கு நியாயம் பேச நம்மால் முடியாது. பதினைந்து வருஷம் கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தைச் சர்க்கார் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்த்தியதிலும் அர்த்தம் இருக்கிறது.

பெரியவர் வண்டியை அரை மணி நேரம் பார்த்தார். ஒரு நீண்ட திருப்புளியின் நுனியை யந்திரத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சிநேகிதரிடம் சொன்னார்: "மறைக்காம சொல்லிடறேன். கிராங்க்கு கடைசி அளவுக்கு வந்தாச்சு. இனிமே கடைய இடமில்ல. பாடியும் கீழ அரிச்சுப் போச்சு. நீங்க காயலான் கடைக்குக் குடுத்தீங்கன்னா நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா எஞ்சின மட்டும் எனக்குக் குடுங்க. பசங்க ரெண்டு பேரு வேலை கத்துக்கறாங்க. கம்ப்யூட்டர மாட்டித் தப்பு எங்கேன்னு பாக்கறானுங்க. வால்வு எப்போ திறக்கும்னு கேட்டா முழிக்கறானுங்க. வெட்டி வெச்சுக் காட்டணும்."

"என்ன விலை?" என்று கேட்டார் சிநேகிதர், கணக்கு வாத்தியார் அல்லவா!

"உங்கப்பாகிட்ட நான் வேலை பழகின கடன் இருக்கு. அதுல கழிச்சுக்கலாம்."

அம்மாள் இத்தனை நேரம் வண்டியை விட்டு இறங்கவில்லை. சன்னல் வழியாகப் பெரியவரைக் கூப்பிட்டு, "தையில பேத்திக்குக் கல்யாணம் வெச்சிருக்கு. மாப்பிள்ளை அழைப்புக்குத் தாங்குமா, அதை மட்டும் சொல்லு" என்றார்.

பெரியவர் மறுபடி குனிந்து யந்திரத்தைப் பார்த்தார். நாசிலை மாற்றி, ஹெட் கேஸ்கெட்டும் போட்டுவிட்டால் தாங்கும் என்றும், நாலு நாள் வண்டி பட்டறையில் நிற்க வேண்டும் என்றும் சொன்னார். சாவியைக் கொடுத்துவிட்டு நாங்கள் மூவரும் பஸ்ஸில் திண்டிவனம் திரும்பினோம். அம்மாளுக்குச் சன்னலோரத்தில் இடம் கிடைத்தது.